சொல்லுக்குப் பொருள் தெரியும், கதை தெரியாது!
ஆங்கிலத் துணைப்பாடம் பிள்ளைகளுக்குப் பிடிபடாதது ஏன்?

பெங்களூர் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு தமிழ்க் குடும்பம். இரவு எட்டு மணி. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஆங்கிலத் துணைப்பாடப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறான். எங்கும் தட்டுத் தடுமாறவில்லை. கடினமான சொற்களுக்கெல்லாம் பக்க ஓரத்தில் பென்சிலால் பொருள் எழுதி வைத்திருக்கிறான். அடுப்படியிலிருந்து தாய் கேட்கிறாள்.

"என்னடா கதை அது?"

"தெரியலேம்மா. அர்த்தம் எல்லாம் எழுதிட்டேன். கேள்வி பதில் நோட்ஸிலே இருக்கு."

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதல்ல. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகள் பலருடைய நிலை இதுதான். பிள்ளை ஆங்கிலம் சரளமாகப் படிக்கிறான் என்று பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். ஆனால் படிக்க வருவது வேறு, படித்தது புரிவது வேறு. நோட்ஸில் உள்ள கேள்வியே தேர்வில் வரும் வரையில் குட்டு வெளிப்படுவதில்லை. கல்லூரிக்குப் போய், நோட்ஸே இல்லாத புத்தகத்தைக் கையில் எடுக்கும் அன்றுதான் பையன் திகைத்து நிற்கிறான்.

சீப்புக்காகக் கடிகாரமா?

ஓ. ஹென்றியின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் சிறுகதை ஒன்று உண்டு. 1905-ல் வெளிவந்தது. ஏழைத் தம்பதியர் ஜிம், டெல்லா. பண்டிகைக்குக் கணவனுக்குப் பரிசு வாங்க டெல்லாவிடம் இருப்பது ஒரு டாலர் 87 சென்ட்தான். முழங்காலுக்குக் கீழே புரளும் தன் கூந்தலை 20 டாலருக்கு விற்று, அவனுடைய தங்கக் கடிகாரத்துக்கு ஒரு பிளாட்டினச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ அந்தக் கடிகாரத்தையே விற்று, அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வருகிறான்.

நம் மாணவன் இங்கே "சீப்பு" என்று பொருள் எழுதிக்கொள்கிறான். அகராதிப்படி அது சரிதான். ஆனால் அவன் அறிந்த சீப்பு, கடைத்தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் சீப்பு. பாட்டன் காலத்துத் தங்கக் கடிகாரத்தை விற்று யாராவது சீப்பு வாங்குவார்களா? ஜிம் அவனுக்கு ஓர் அசடாகத் தெரிகிறான். கதையின் உயிர் அங்கேயே போய்விடுகிறது.

கதையில் வரும் சீப்புகள் தலை வாருவதற்கு மட்டும் உரியவை அல்ல. ஆமை ஓட்டில் செய்து, ஓரத்தில் கற்கள் பதித்து, கூந்தலில் செருகிக்கொள்ளும் அணிகலன்கள். நம் வீட்டுப் பெண்களின் ஜடைபில்லையைப் போன்றவை. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் பையனின் முகம் மலரும். அகராதி தராத பொருளை அவன் வீட்டு நகைப்பெட்டி தந்துவிடுகிறது.

கூந்தலை விற்பதும் அப்படியே. பெண் முடி கொடுப்பது என்றால் நம் பிள்ளையின் நினைவுக்கு வருவது திருப்பதியும் பழனியும். அது வேண்டுதல். டெல்லா கொடுத்தது கடைக்காரிக்கு, காசுக்காக. சவுரி முடியைப் பற்றித் தெரிந்த தாய்க்கு, முடிக்கும் விலை உண்டு என்பது புதுச் செய்தியல்ல. மகனுக்குத்தான் அது தெரியாது.

முன்பின் மாறி வரும் நிகழ்ச்சிகள்

ஜிம் கடிகாரத்தை விற்றது முன்னால் நடந்தது. கதையில் அது சொல்லப்படுவதோ கடைசியில், அவன் வாய்மொழியாக. அதற்கு முன், கூந்தல் வெட்டிய மனைவியைக் கண்டு அவன் சிலைபோல் நிற்கிறான். அது கோபமா, வெறுப்பா? இரண்டும் இல்லை. காரணம் பின்னால்தான் தெரிகிறது. தெரிந்ததும் வாசகன் மனத்தளவில் திரும்பிப் போய், அந்தப் பார்வைக்குப் புதுப் பொருள் காண வேண்டும். கதை படிப்பது என்பது இந்த முன்னும் பின்னுமான நடைதான். வரிக்கு வரி பொருள் எழுதுகிறவன் இந்த நடையை நடப்பதே இல்லை.

இலக்கணமும் ஒரு தடை வைக்கிறது. தமிழில் "விற்றாள்" என்ற ஒரே சொல்லில் விற்றவள் பெண், ஒருத்தி, செயல் முடிந்தது என்பதெல்லாம் அடக்கம். ஆங்கிலத்தில் ஆண் விற்றாலும் பெண் விற்றாலும் இறந்தகால வினைச்சொல் ஒன்றே. யார் என்பதைத் தனியே நிற்கும் சின்னஞ்சிறு பிரதிப் பெயர்ச்சொல்தான் காட்ட வேண்டும். ஒரே காட்சியில் இரண்டு ஆண்கள் பேசினால், எந்த "அவன்" எவன் என்று புரியாமல் பிள்ளை வழிதவறிப் போகிறான்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபன்சன், ஜோக்தேவ், ஆண்டர்சன் ஆகிய மூவர் 1979-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். இந்தியத் திருமணம் பற்றி ஒன்று, அமெரிக்கத் திருமணம் பற்றி ஒன்று என இரண்டு கடிதங்களை இந்தியர்களும் அமெரிக்கர்களும் ஆங்கிலத்தில் படித்தார்கள். இரு தரப்பினருமே தங்கள் நாட்டுத் திருமணக் கடிதத்தை விரைவாகப் படித்தார்கள், அதிகமாக நினைவு வைத்தார்கள். அயல்நாட்டுத் திருமணத்தைத்தான் திரித்துச் சொன்னார்கள்.

அமெரிக்கக் கடிதத்தில் மணமகள் தன் பாட்டியின் மணவுடையை அணிந்திருந்தாள். அங்கே அது குடும்பப் பெருமை. ஆனால் படித்த இந்தியர் ஒருவர், அவள் உடை பழசு, நாகரிகம் கடந்தது என்று நினைவுகூர்ந்தார். ஒரு சொல்கூட அவருக்குப் புரியாமல் இல்லை. புதுப் பட்டு உடுத்தும் மணப்பெண்ணைக் கண்ட கண், பழைய உடையை வறுமையாகப் பார்த்தது.

1981-ல் பாட்ரிசியா ஜான்சன் ஈரானிய மாணவர்களிடம் நடத்திய ஆய்வும் இதை ஒட்டியதே. முல்லா நஸ்ருதீன் கதை ஒன்று, அமெரிக்க வீரன் பஃபலோ பில் கதை ஒன்று. ஆங்கில நடை எளிதா கடினமா என்பதைவிட, கதை எந்த மண்ணுக்கு உரியது என்பதே அவர்கள் புரிந்துகொள்வதை அதிகம் பாதித்தது.

சொல்வளமும் வேண்டும்

இதனால் சொற்கள் தேவையில்லை என்று ஆகாது. 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்களின் ஆங்கில வாசகங்களை ஆராய்ந்தார். அரிய சொற்கள் மலிந்து, பக்கத்துக்குப் பக்கம் முட்டுக்கட்டை போடுவதைக் கண்டார். புழக்கத்தில் உள்ள சொற்களைக் கொண்டே கதைகளைத் திருத்தி எழுதினார். 2000-ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் ஆகிய இருவர் செய்த ஆய்விலும், துணையின்றிக் கதை படித்துப் புரிந்துகொள்ள 100 சொல்லில் சுமார் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று தெரியவந்தது. 80 மட்டும் தெரிந்தவர்களில் ஒருவருக்கும் கதை போதிய அளவு புரியவில்லை.

ஆகவே பிள்ளையின் தரத்துக்கு மீறிய புத்தகத்தைக் கொடுத்து, அகராதியைக் கையில் திணிப்பதில் பயனில்லை. சற்று எளிய கதைகள் பத்து படிப்பது, கடினமான கதை ஒன்றோடு மல்லுக்கட்டுவதைவிட மேல்.

பெங்களூர் காட்டிய வழி

1979 முதல் 1984 வரை, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் உள்ள பள்ளிகளில் ஒரு புது முறையைச் சோதித்தார். உலக அளவில் அது "பெங்களூர்த் திட்டம்" என்றே பெயர் பெற்றது. இலக்கணத்தைத் தனியே ஒப்பிக்க வைக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்து விடை காணச் செய்தார்கள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் கருத்து.

கதைப் பாடத்துக்கும் இது பொருந்தும். பாடம் தொடங்குமுன் கதை நடக்கும் இடம், வழக்கம் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம். பாதியில் நிறுத்தி, "இனி அவள் என்ன செய்வாள்? ஏன்?" என்று கேட்கலாம். பதில் தவறானாலும் கேடில்லை. ஊகித்தவன் மேலே படிக்காமல் விடமாட்டான். சொற்பொருள் எழுதுவது இதற்கெல்லாம் பின்னால் வரட்டும்.

தாயின் பங்கு

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் எப்படிச் சொல்லித்தருவது?" என்று ஒதுங்கும் தாய்மார்கள் பலர். சொல்லித்தர வேண்டியதில்லை, கேட்டால் போதும். இன்று படித்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லலாம். சொல்லும்போதே எங்கே புரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். தமிழில் கதையாகச் சொல்ல முடியாதவனுக்கு ஆங்கிலத்திலும் அது கதையாக ஆகவில்லை என்று பொருள். வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெடும் என்ற பயமும் இதில் வேண்டாம். அந்தத் தமிழ்தான் இங்கே உரைகல்.

அல்சூர் வீட்டுத் தாயும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காரட்டும்.

"சரி, அவ முடியை வித்துட்டா. அப்புறம்?"

பையன் புத்தகத்தைப் புரட்டுவான். முதல் தடவையாக, பொருள் எழுதுவதற்காக அல்ல, அப்புறம் என்ன என்று பார்ப்பதற்காக.