நீதியரசரின் இரண்டு எழுத்துகள்



உயர்தர வகுப்பில் கவிதை கற்பிக்கும்போது, "எழுதியபடி நடக்காத புலவரை ஏன் சேர் படிக்கவேண்டும்?" என்று மாணவர் கேட்பதுண்டு. அவ்வேளைகளில் என் நினைவுக்கு வருபவர், அமெரிக்காவின் தென்மாநிலமான வேர்ஜீனியாவில் வழக்கறிஞராகவும் நீதியரசராகவும் கவிஞராகவும் விளங்கிய சென்ற் ஜோர்ஜ் ரக்கர்.

1752 இல் பேர்மியூடாத் தீவிற் பிறந்த அவர், வேர்ஜீனியாவுக்கு வந்து ஜோர்ஜ் வித் என்ற பேராசானிடம் சட்டம் பயின்றார். சுதந்திரப் போரிற் பங்குகொண்டார். 1788 இல் விடுதலையைப் பாடி ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். அரசியல்வாதிகளை நையாண்டி செய்யும் பாடல்களும் எழுதினார். முதுமையை அமைதியோடு ஏற்கும் அவரது சிறுகவிதையொன்றை முன்னாள் ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் பெரிதும் பாராட்டினார். நையாண்டியிலும் பார்க்க அந்த அமைதியே அவருக்குக் கைவந்தது என்பது என் எண்ணம்.

ஆசானின் இடத்தில் 1790 இல் சட்டப் பேராசிரியரான ரக்கர், 1796 இல் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் திட்டமொன்றை நூலாக எழுதி, மாநிலச் சட்டசபைக்கு அனுப்பினார். அடிமைத் தாய்மாருக்கு இனிப் பிறக்கும் பெண் மக்கள் சுதந்திரர். அவர்தம் பிள்ளைகளும் சுதந்திரர். ஆயினும் 28 வயதுவரை ஊழியம் செய்யவேண்டும். முற்றாக ஒழிய நூறாண்டுக்கு மேலாகும்! விடுதலை பெற்றோருக்குக் குடியுரிமைகளும் இல்லை. இத்தனை தயக்கமான திட்டத்தையே சபை ஒதுக்கிவைத்தது.

பத்தாண்டின் பின், 1806 இல், ரைற் குடும்பத்தினரின் வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. தம் மூதாட்டி செவ்விந்தியப் பெண். ஆதலால் தாம் அடிமைகளல்லர் என்பது அவர்களின் வாதம். கீழ்மன்றில் அவர்களை விடுவித்த வித், மாநில உரிமைப் பிரகடனத்தின்படி மனிதர் யாவருக்கும் சுதந்திரம் பிறப்புரிமை என்றும் கூறியிருந்தார். மேன்முறையீட்டில் ரக்கர் அக்குடும்பத்தின் விடுதலையை உறுதிசெய்தார். ஆனால் ஆசானின் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. பிரகடனம் ஆபிரிக்க அடிமைகளைக் குறிக்காது என்றார். நிறத்தையும் தலைமயிரையும் மூக்கின் அமைப்பையும் சான்றாகக் கொண்டு எழுதினார். வித் அவ்வாண்டு ஜூனிலேயே காலமாகியிருந்தார். மாணவரின் தீர்ப்பை அவர் காணவில்லை.

ரக்கர் தாமும் அடிமைகளை வைத்திருந்தவரே. 1827 இல் அவர் மறைந்தார். அவரது திட்டம் சட்டமாகவேயில்லை. 1865 இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோதே அந்நாட்டில் அடிமை முறை ஒழிந்தது.