ஒரே நேரம், இரண்டு பதக்கம் ஏன்?

1996 அட்லாண்டா ஒலிம்பிக், மகளிர் 100 மீட்டர் இறுதி. அமெரிக்காவின் கெயில் டெவர்ஸ், ஜமைக்காவின் மெர்லின் ஓட்டி இருவருக்குமே 10.94 விநாடிதான், தங்கம் டெவர்ஸுக்கு. நூறில் ஒரு விநாடி கண்ணிமைப்பதைவிடக் குறைவு. ஆனால் அதற்குள் இவர்கள் சுமார் பத்து சென்டிமீட்டர் கடந்துவிடுகிறார்கள்! அந்த இடைவெளியில் யார் முந்தியது என்பதைப் படம்தான் சொல்லும். கேமரா முடிவுக்கோட்டை மட்டும் மெல்லிய கீற்றுகளாக விடாமல் பதிந்து, வரிசையாக ஒட்டுகிறது. எனவே படத்தின் அகலம் தூரமல்ல, காலம். கோட்டில் ஊன்றிய பாதம் அதில் வேடிக்கையாக நீண்டு கிடப்பதும் இதனால்தான். தலை, கை, கால் எதுவும் கணக்கில்லை. உடற்பகுதி கோட்டைத் தொடவேண்டும்.

நீச்சலில் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பார்ப்பதில்லையே, ஓட்டத்தில் மட்டும் படத்தை வைத்து அதுவரை பார்ப்பது ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குளத்தில் தடத்துக்குத் தடம் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் மாறலாம். 100 மீட்டர் ஓட்டத்தில் எல்லோருக்கும் தொடக்கக் கோடும் ஒன்று, முடிவுக்கோடும் ஒன்று.