நாயுடுபேட்டை மாடியில் மூன்று முறை கிளம்பும் ராக்கெட்

2022 ஆகஸ்ட் 7, 2023 மார்ச் 26, 2023 ஜூலை 30, 2025 மே 18, 2025 நவம்பர் 2. ஐந்துமே ஞாயிற்றுக்கிழமைகள். ஐந்திலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பியது. பள்ளியும் அலுவலகமும் இல்லாத நாளில் ராக்கெட் ஏறுகிறது என்றால் நாயுடுபேட்டையில் அது நண்பர்கள் கூடும் நாள். யார் வீட்டு மொட்டைமாடி உயரமோ அங்கே போய் நிற்க வேண்டியதுதான். காத்திருக்கும் அரை மணி நேரத்தில் நகராட்சிக் குடிநீர், தெருச் சாக்கடை, அடுத்த தேர்தலில் யாருக்கு சீட்டு என்று ஊர் அரசியல் முழுவதையும் பேசிவிடலாம்.

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையில், காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குச் சாலை பிரியும் இடத்தில், சுவர்ணமுகி ஆற்றை ஒட்டி இருக்கிறது நாயுடுபேட்டை. 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டம். அதன் பிறகு திருப்பதி மாவட்டம். நம்மில் பலருக்கு இது ரயில் ஜன்னலில் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். ஆனால் இந்த ஊருக்கும் ‘ஷார்’ என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கும் நேர்கோட்டில் இருக்கும் தூரம் சுமார் 40 கிலோமீட்டர். இஸ்ரோ 2019-ல் அங்கே திறந்த பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தால் ஒளிக்குப் பின்னாலேயே ஓசையும் துரத்திக்கொண்டு வந்துவிடும். நாயுடுபேட்டையில் இரண்டும் நன்றாகப் பிரிந்து வருகின்றன. அப்படிப் பிரிந்து வருவதால்தான் இந்த மாடிகள் நல்ல இயற்பியல் கூடங்களாக இருக்கின்றன என்பது என் எண்ணம்.

இங்கே ராக்கெட் மூன்று முறை கிளம்புகிறது. முதலில் கண்ணுக்கு. 40 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு போதும். இரண்டாவதாகச் செல்போனுக்கு. நேரலையில் வரும் படம் கேமராவிலிருந்து செயற்கைக்கோளுக்கும் அங்கிருந்து கணினிக் கூடங்களுக்கும் போய், துண்டு துண்டாகச் சேர்ந்து, நம் கைக்கு வர பல நொடிகள், சில சமயம் அரை நிமிடம்கூட ஆகும். கையில் இருக்கும் திரை இன்னும் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே கிழக்கே வானத்தில் நெருப்பு ஏறிக்கொண்டிருக்கும். திரையை நம்பிக் குனிந்திருப்பவர் நிஜத்தைத் தவறவிடுகிறார். மூன்றாவதாகக் காதுக்கு. அதற்குத்தான் பொறுமை வேண்டும்.

காதுக்குப் போகும் முன் கண் பார்த்ததில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் உயரம் 44 மீட்டர். வழியில் மரமோ கட்டடமோ இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஏவுதளத்தில் நிற்கும் அந்த ராக்கெட்டை நாயுடுபேட்டை மாடியிலிருந்து பார்க்க முடியாது. தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் பூமி வளைந்து கீழே இறங்குகிறது. 40 கிலோமீட்டரில் அந்த இறக்கம் சுமார் 60 மீட்டர். அதாவது முழு ராக்கெட்டும் பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்திருக்கிறது. கிளம்பிய சில நொடிகளில் அது அந்த வளைவைத் தாண்டி எழுகிறது. தென்னைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மேலே வர இன்னும் பத்துப் பதினைந்து நொடிகள். பூமி உருண்டை என்று பாடப்புத்தகத்தில் படித்ததை ஒரு தெருவே சேர்ந்து கண்ணால் காண்கிறது!

இனி ஓசை. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு சுமார் 345 மீட்டர் வேகத்தில் போகும். 40 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் மேலே என்னவெல்லாம் நடந்து முடிகிறது என்று பாருங்கள். பிஎஸ்எல்வியின் முதல் அடுக்கில் இருக்கும் 138 டன்னுக்கும் அதிகமான திட எரிபொருள் சுமார் 110 நொடிகளில் எரிந்து தீர்ந்துவிடுகிறது. காலியான அந்த அடுக்கு கழன்று கடலை நோக்கி விழத் தொடங்குகிறது. இரண்டாம் அடுக்கு எரிய ஆரம்பித்துவிடுகிறது. எல்விஎம்-3 ராக்கெட் என்றால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரு பெரிய பூஸ்டர்கள், ஒவ்வொன்றும் 200 டன்னுக்கு மேல் எரிபொருள் கொண்டவை, சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு பிரியும் நேரம் அது. அப்போதுதான் அவை தரையில் பற்றிக்கொண்ட கணத்தின் உறுமல் நாயுடுபேட்டைக்கு வந்து சேருகிறது. நாம் கேட்கத் தொடங்கும்போது அந்த எந்திரத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. நட்சத்திரங்களைப் பற்றிப் பேசும்போது, நாம் காண்பது பழைய ஒளி என்பார்கள். அந்த வியப்புக்கு ஒளியாண்டுக் கணக்கு தேவையில்லை; 40 கிலோமீட்டர் போதும்.

வந்து சேரும் ஓசையும் கிளம்பியபோது இருந்த ஓசை இல்லை. ஏவுதளத்துக்கு அருகே பட்பட்டென்று வெடிக்கும் கூர்மையான சத்தம் உண்டு. அந்த உயர் அதிர்வெண்களைக் காற்று வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. கனத்த, தாழ்ந்த அதிர்வுகள் மட்டும் தப்பி வருகின்றன. அதனால்தான் காது கேட்பதற்கு முன் ஜன்னல் கண்ணாடி அதிர்வது போலத் தோன்றுகிறது. சில தாழ்ந்த அதிர்வுகள் காதால் கேட்க முடியாதவை, ஆனால் கதவும் தகரமும் அவற்றை உணரும்.

சில நாள் ஜன்னல் நடுங்கும், சில நாள் ஒன்றுமே கேட்காது. ராக்கெட் சிறியதா பெரியதா என்பது ஒரு காரணம். காற்று இன்னொரு காரணம், பல சமயம் அதுவே பெரிய காரணம். சூடான காற்றில் ஒலி வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகும். வெயில் நேரத்தில் தரை ஓரக் காற்று சூடாகவும் மேல்காற்று குளிர்ந்தும் இருக்கும். அப்போது ஒலி அலையின் கீழ்ப்பகுதி முந்திக்கொள்ள, அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. தெளிந்த இரவில் தரை முதலில் குளிரும்; நிலைமை தலைகீழாகும்; அலை கீழே வளைந்து ஊருக்குள் இறங்கும். கடற்காற்று வீசும் மாலையும் நல்லது. ஸ்ரீஹரிகோட்டா கிழக்கே இருப்பதால் கடற்காற்று ஓசையை நம் பக்கம் வளைத்துக் கொண்டுவரும். எதுவும் கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அந்த நேரத்தின் காற்று எப்படி இருந்தது என்று அவர் சொல்கிறார்.

காற்றின் கதையைக் காதைவிடக் கண்ணுக்கு நன்றாகச் சொல்வது புகை. திட எரிபொருளில் அலுமினியத் தூள் கலந்திருக்கிறது. அது எரிந்து அலுமினியம் ஆக்சைடு நுண்துகள்களாக மாறும்போதுதான் கண்ணைக் கூசவைக்கும் அந்த மஞ்சள் வெளிச்சமும் கெட்டியான வெள்ளைப் புகையும் கிடைக்கின்றன. ராக்கெட் போனதும் பெரும்பாலோர் மாடியிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. அடுத்த பத்து நிமிடம் அந்தப் புகைத்தடம் நெளிந்து, முறிந்து, எதிரெதிராக இழுபடும். ஒவ்வொரு உயரத்திலும் காற்று வேறு திசையில் ஓடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பார்த்தால், தடத்தின் கீழ்ப்பகுதி கிழக்கே நகரும், மேல்பகுதி மேற்கே ஓடும். கீழே வீசுவது மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று. 12 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் எதிர்த்திசையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுவது வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று. அதை 1950-களில் உலகத்துக்குக் காட்டியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டேஸ்வரம். பாடத்தில் அவர் பெயரைப் படிக்காத பிள்ளைகள் அவர் கண்டுபிடித்த காற்றைத் தங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதே காற்றையும் அளக்கும் தேசிய வளிமண்டல ஆய்வகம் திருப்பதி–சித்தூர் சாலையில் காதங்கி என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே 1,024 ஆண்டெனாக்கள் வயல் போல வரிசையாக நட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானத்துக்கு அனுப்பி, காற்றின் சிறு குழப்பங்களில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலியை வைத்து ஒவ்வொரு உயரத்திலும் காற்றின் வேகத்தைக் கணிக்கும் ரேடார் அது. ஏவும் நாளில் ஸ்ரீஹரிகோட்டாவிலும் பலூன் விட்டு மேல்காற்றை அளப்பார்கள். அந்த அளவுக்கு ஏற்ப ராக்கெட் சாய வேண்டிய கோணத்தைத் திருத்துவார்கள்.

மாடியில் தவறாமல் எழும் ஒரு பதற்றம் உண்டு. மேலே போன ராக்கெட் வளைந்து கீழே இறங்குவது போலத் தெரியும். “விழுகுதுடா” என்று யாராவது கத்துவார்கள். அது விழவில்லை. பூமியைச் சுற்றி வர உயரம் மட்டும் போதாது. நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் அளவுக்குப் பக்கவாட்டு வேகம் வேண்டும். அதனால் ராக்கெட் மெல்லச் சாய்ந்து நம்மை விட்டு விலகி ஓடுகிறது. வளைந்த பூமியில் விலகிப் போகும் எதுவும் அடிவானத்தை நோக்கி இறங்குவதாகவே தோன்றும். கிழக்கு நோக்கிப் போகும் ராக்கெட் ஏறிய இடத்துப் பக்கமே இறங்குவது போலத் தெரியும். துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி வலப்புறம் நகரும். அது நேரே தெற்கே போக வேண்டியது. ஆனால் வழியில் இலங்கை இருக்கிறது. கழன்று விழும் அடுக்குகள் அங்கே விழக் கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்புகிறது. அந்தச் சுற்றுவழி எரிபொருளைத் தின்கிறது. சிறிய ராக்கெட்டுகளுக்காகத் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்த வியப்புக்கு விலை கொடுத்தவர்களையும் சொல்லியாக வேண்டும். 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது. அதற்கு முன் அந்தத் தீவில் யானாதி பழங்குடியினர் வாழ்ந்தார்கள். ஏவுதளத்துக்காக அவர்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. இன்றும் ஏவும் நாளில் பழவேற்காடு பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வருகிறது. நமக்குக் காட்சியாக இருக்கும் நாள் அவர்களுக்கு வருமானம் இல்லாத நாள். அந்த இழப்பை ஈடுகட்டும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது.

சூரியன் எழுவதற்குச் சற்று முன் ஏவும் நாள் கிடைத்தால் தூக்கத்தை விட்டு எழுந்துவிடுங்கள். 2025 ஜனவரி 29 அன்று காலை 6.23-க்கு ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல் நடந்தது. அப்படிப்பட்ட நேரம் அது. தரையில் இன்னும் வெயில் விழவில்லை. மேலே போகும் புகை மட்டும் பூமியின் நிழலைத் தாண்டிச் சூரிய ஒளியில் நனைந்து வெளிறிய முத்து நிறத்தில் விரியும்.

அடுத்த ஏவுதல் அறிவிப்பு வந்ததும் இதைச் செய்து பாருங்கள். சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை, காளஹஸ்தி, கூடூர் என்று ஊருக்கு ஒரு நண்பரை மாடியில் ஏறச் சொல்லுங்கள். அறிவிக்கப்பட்ட ஏவும் நேரத்தில் கடிகாரத்தைத் தட்டி, முதல் உறுமல் கேட்கும்போது நிறுத்துங்கள். சூளூர்பேட்டையில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், நாயுடுபேட்டையில் இரண்டு நிமிடம், காளஹஸ்தியில் இரண்டே முக்கால், கூடூரில் மூன்று நிமிடம் வரும். நொடிகளை 345-ஆல் பெருக்கினால் ஏவுதளத்தின் தூரம் மீட்டரில் கிடைக்கும். யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை, புகை எந்தப் பக்கம் முறிந்தது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பள்ளி ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகவே கொடுக்கலாம்.