அமிலம் ஏன் புகைகிறது?

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள கேனின் மூடியைத் திறந்ததும் வெண்புகை எழும். ஓசூர் போன்ற தொழில் நகரங்களில், இரும்புப் பாகங்களுக்கு முலாம் பூசும் பட்டறைகளுக்கு இது பழகிய காட்சி. முலாம் பூசுமுன் துருவை நீக்க இந்த அமிலம் உதவுகிறது.

எரிவதால் வரும் புகையன்று இது. ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயு நீரில் கரைந்ததே இந்த அமிலம். அடர் கரைசலின் எடையில் ஏறத்தாழ 37 சதவீதம் அந்த வாயுதான். அவ்வளவையும் நீரால் பிடித்துவைக்க முடியாததால் ஒரு பகுதி வெளியேறுகிறது. நிறமற்ற அந்த வாயு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நுண்ணிய அமிலத் துளிகளாகிறது. அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் மூடுபனிபோல் வெண்மையாகத் தெரிகின்றன. ஆகவே ஈரக்காற்று வீசும் மழைக்காலத்தில் புகை மிகும். அமிலத்தை நீர்க்கச் செய்தால் அடங்கும்.

எல்லா அடர் அமிலமும் புகைவதில்லை. 98 சதவீத கந்தக அமிலம் அறை வெப்பநிலையில் ஆவியாவது மிகக் குறைவு. அதன் கொதிநிலை 330 டிகிரி செல்சியஸுக்கும் மேல். ஆனால் அதில் கந்தக டிரையாக்சைடு கூடுதலாகக் கரைந்த ஓலியம் கடுமையாகப் புகையும். 86 சதவீதத்தைத் தாண்டிய நைட்ரிக் அமிலமும் புகையும். அதன் செம்பழுப்பு நிறத்துக்குக் காரணம் நைட்ரஜன் டைஆக்சைடு.

இந்தத் துளிகள் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். நாளடைவில் பற்களின் எனாமலையும் கரைக்கும். எனவே அமிலத் தொட்டிக்கு மூடியும், புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும் இன்றியமையாதவை. நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது.