செகண்ட் ஷிப்ட் வீட்டுக்கு ஒரு ஹெச்.டி. பெட்டி

புனேயில் லோனாவாலா லோக்கல் ஏறினால் தாபோடிக்கு அடுத்த ஸ்டேஷன் கசார்வாடி. பழைய மும்பை–புனே ரோடு, அதன் தலைக்கு மேலே 2022 மார்ச்சிலிருந்து ஓடும் மெட்ரோ, சற்றுத் தள்ளி நாசிக் ஃபாட்டா மேம்பாலம். ஃபோர்ப்ஸ் மார்ஷல் ஆலை இந்த ரோட்டின் மேலேயே இருக்கிறது. போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை கூப்பிடு தூரம். பிம்பிரிப் பக்கம் போனால் டாடா மோட்டார்ஸ். இந்த வட்டாரத்துக்கு வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் டி.வி. சம்பந்தமாக ஒரு வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். பெரிய சீரியல்கள் எல்லாம் சாயங்காலம் ஆறுக்கும் ராத்திரி பத்தரைக்கும் நடுவே வருகின்றன. செகண்ட் ஷிப்ட்காரர் அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நிற்கிறார். இங்கே தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை பெரும்பாலும் வியாழக்கிழமை என்பதால், ஞாயிற்றுக்கிழமைப் புதுப்படமும் பாட்டுப் போட்டியும்கூட அவருக்கு வேலை நாளில் போய்விடுகின்றன. ஆகவே பதிவு செய்து வைத்து வியாழக்கிழமை பார்க்கும் வசதி இந்த ஊரில் ஆடம்பரம் இல்லை, தேவைதான்.

இந்தத் தேவை புதிதும் இல்லை. 1993 ஏப்ரலில் சன் டி.வி. வருவதற்கு முன்பு, தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடும்போது தமிழின் முறை என்றைக்கு வரும் என்று வெளிமாநிலத் தமிழர்கள் காத்துக் கிடந்தார்கள். வி.சி.ஆர். வைத்திருந்தவர் வீட்டில் மூன்று மணி நேர கேசட் ஓடும். தெருவே அங்கே உட்கார்ந்திருக்கும். பெட்டிக்குள்ளேயே ஹார்டு டிஸ்க் வைத்துப் பதிவு செய்யும் வசதியை இந்திய வீடுகளுக்குப் பரவலாகக் காட்டியது 2008 அக்டோபரில் வந்த டாடா ஸ்கை பிளஸ். சுமார் 45 மணி நேரம் சேமிக்கும். ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போகலாம் என்பதே அன்றைக்கு விளம்பரமாக இருந்தது. டாடா ஸ்கைக்கு 2022 ஜனவரியில் டாடா ப்ளே என்று பெயர் மாறியது. உள்ளே ஹார்டு டிஸ்க் வைத்த பெட்டிகளோ இன்று கடையில் அபூர்வம். இப்போது ‘ரெக்கார்டிங் உண்டு’ என்று சொல்லி விற்கப்படுபவை பெரும்பாலும் பின்னால் யு.எஸ்.பி. ஓட்டை உள்ள சாதாரண ஹெச்.டி. பெட்டிகள், பென் டிரைவை நாம் வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டும். விலை குறைந்ததற்கு அதுதான் காரணம்.

கசார்வாடி மார்க்கெட்டில் ஒரு கடையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “தாதா, யாத் ரெக்கார்டிங் ஹோத்த கா?” (அண்ணே, இதில் பதிவு ஆகுமா?) என்று மராத்தியில் கேட்டால் “ஹோ, ஹோத்த கீ!” (ஓ, ஆகுமே!) என்று உடனே பதில் வரும். அந்த பதிலை நம்பிப் பணத்தை எடுக்கக் கூடாது. பதிவு ஆகுமா என்பது கேள்வியே இல்லை. ஒரு சேனல் பதிவாகிக்கொண்டிருக்கும்போது வேறு சேனல் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கடைக்காரர் கொஞ்சம் யோசிப்பார். பெட்டிக்குள் ஒரே ட்யூனர் இருந்தால், பதிவு முடியும்வரை அந்த சேனலையே பார்க்க வேண்டும். சில பெட்டிகளில் அதே டிரான்ஸ்பாண்டரில் வருகிற மற்ற சேனலுக்கு மட்டும் மாறலாம். மனைவி விஜய் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்காக சன் டி.வி. பதிவாக வேண்டும் என்றால் இரண்டு ட்யூனர் வேண்டும். இரண்டு ட்யூனர் என்றால் மொட்டை மாடி டிஷ்ஷில் சிக்னலை வாங்கி அனுப்பும் எல்.என்.பி. இரண்டு அவுட்புட் உள்ளதாகவும், அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு கேபிளும் வர வேண்டும். ஒரு கேபிளை இழுத்து ஸ்ப்ளிட்டர் போட்டு ‘ஆச்சு’ என்று டெக்னீஷியன் கிளம்பப் பார்த்தால் விடாதீர்கள். பெட்டி எந்த சேனலைக் கேட்கிறதோ அதற்கேற்ப கேபிள் வழியே 13 வோல்ட்டோ 18 வோல்ட்டோ அனுப்பித்தான் எல்.என்.பி.யை மாற்றுகிறது. ஒரே கம்பியில் இரண்டு ட்யூனர் இரண்டு விதமாகக் கேட்டால் ஒன்றுதான் ஜெயிக்கும்.

அடுத்து பூட்டு. கட்டணச் சேனல்களைப் பதிவு செய்தால் அந்தக் கோப்பு அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் பூட்டித்தான் பென் டிரைவில் இறங்கும். பதிவு செய்த பெட்டி தவிர வேறெதிலும் ஓடாது. லேப்டாப்பில் ஓடாது, ஊரில் அம்மா வீட்டு டி.வி.யில் ஓடாது, அதே கம்பெனியின் இன்னொரு பெட்டியில்கூட ஓடாது. பெட்டி பழுதாகி மாற்றிக் கொடுத்தால் பழைய பதிவுகள் அத்தோடு போயின. ரீசார்ஜ் தீர்ந்துபோனாலும் ஏற்கெனவே பதிவு செய்ததைத் திறக்க விடாத பெட்டிகள் உண்டு. வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இது. இன்னொன்று: முதல்முறை செருகியதும் பெட்டி அந்த பென் டிரைவை ஃபார்மேட் செய்யச் சொல்லும். கல்யாண ஃபோட்டோ வைத்திருக்கும் பென் டிரைவைச் செருகி ஓ.கே. அழுத்திவிட்டு அழுவதில் பயனில்லை. இதற்கென்று தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

எவ்வளவு பெரியது வாங்குவது? நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஹெச்.டி.யில் ஒரு மணி நேரம் 3.6 ஜி.பி. பிடிக்கும். அரை மணி நேர சீரியல் நான்கு, வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 12 மணி நேரம், 43 ஜி.பி. சொச்சம். 64 ஜி.பி. பென் டிரைவ் ஒரு வாரத்தைத் தாங்கும். 32 போதாது. சாதாரண எஸ்.டி. சேனலானால் இதில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குதான். பெயர் தெரியாத மலிவு பென் டிரைவில் எழுதும் வேகம் போதாமல் படம் விட்டுவிட்டு வரும். பெட்டியில் மிச்சம் பிடித்த நூறு ரூபாயை இங்கே செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் வைத்தால் 130 மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் சில பெட்டிகளின் யு.எஸ்.பி. ஓட்டையில் டிஸ்க்கைச் சுழற்றும் அளவுக்கு மின்சாரம் வராது. அப்போது தனி அடாப்டர் உள்ள டிஸ்க் வேண்டும்.

எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டு ஜன்னலும் மாடியும் எந்தப் பக்கம் திறந்திருக்கின்றன என்பதுதான். சாட்டிலைட்டுகள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கின்றன. கசார்வாடியிலிருந்து கணக்குப் போட்டால், 83 டிகிரி கிழக்கில் உள்ள டாடா ப்ளே சாட்டிலைட் ஏறக்குறைய 66 டிகிரி உயரத்தில், தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே தெரியும். சன் டைரக்டுக்கும் தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்கும் 93.5 டிகிரியை ஒட்டி. உயரம் 59 வரும், திசை தென்கிழக்கு. டிஷ் டி.வி. அதற்குப் பக்கத்தில் 95. ஏர்டெல் 108.2-இல் இருப்பதால் 45 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. இன்னும் கிழக்கே திரும்பிப் பார்க்க வேண்டும். கிழக்குப் பக்கம் ஏழு மாடி எழும்பியிருக்கிற சந்துக்குள் இரண்டாம் மாடி பால்கனியில் டிஷ் மாட்டுகிறவருக்கு இந்த இருபது டிகிரி வித்தியாசம் எந்த ஆஃபரையும்விட முக்கியம். மொட்டை மாடியை வீட்டுக்காரர் திறந்து விடுவாரானால் இந்தக் கவலை இல்லை.

சாட்டிலைட் என்றதும் ஒரு பழைய கதை. 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி-யின் சோலார் பேனலில் மின்கோளாறு ஏற்பட்டு டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டி வந்தது. இந்தியாவில் டி.டி.ஹெச். வழியே ஹெச்.டி.யை முதலில் கொண்டுவந்த சன் டைரக்ட் அதில்தான் இருந்தது. மலேசியாவின் மீசாட்-3க்கு மாறி, வாடிக்கையாளர் வீட்டு டிஷ்களையெல்லாம் திருப்ப வேண்டியதாயிற்று. இன்றைய நிலைமை அவ்வளவு இறுக்கமில்லை. 2022 ஜூனில் ஏவப்பட்ட ஜிசாட்-24-இன் முழுக் கொள்ளளவையும் டாடா ப்ளேவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

பெட்டி விலையில் மயங்குகிறவர்கள் மாதக் கட்டணத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். 2019 பிப்ரவரி முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி சேனலைப் பார்த்துப் பார்த்து எடுக்கலாம். அப்போது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153.40 என்று இருந்தது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பை டிராய் எடுத்துவிட்டதால் இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த எண்ணிக்கையில் ஒரு ஹெச்.டி. சேனல் இரண்டு சேனலாகக் கணக்காகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சன் டி.வி.யும் சன் டி.வி. ஹெச்.டி.யும் ஒரே பேக்கில் இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகப் பணம் போகிறது. ஃபோன் செய்து எஸ்.டி.யை நீக்கச் சொல்லுங்கள். கலைஞர், பெரும்பாலான செய்திச் சேனல்கள் எஸ்.டி.யில்தான் வருகின்றன, அவற்றை மட்டும் பார்க்கும் பெரியவர்களுக்கு ஹெச்.டி. பேக்கே வேண்டியதில்லை. மாதம் 350 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 4,200. பெட்டியில் முந்நூறு ரூபாய் தள்ளுபடி இதன் முன்னால் எம்மாத்திரம்?

உள்ளூர் கேபிள் மலிவுதான். புனேயில் 2013 மார்ச்சோடு கேபிளும் டிஜிட்டலாகிவிட்டது. ஆனால் அவர்கள் பேக் மராத்தி, இந்தியை மையமாக வைத்தது, தமிழ் ஹெச்.டி. கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய சங்கடம், 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர் வீடு மாற்றினால் கேபிள் பெட்டி கூட வராது. டி.டி.ஹெச். டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு பிம்ப்ளே குரவ் போகலாம், திருநெல்வேலிக்கும் போகலாம். கோணம் மட்டும் மாற்ற வேண்டும்.

பூட்டில்லாத பதிவு வேண்டும் என்றால் அது டி.டி. ஃப்ரீ டிஷ்ஷில்தான் கிடைக்கும். டிஷ், எல்.என்.பி., பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு தடவை இரண்டாயிரம் ரூபாய் அளவில் செலவு. பிறகு மாதக் கட்டணம் கிடையாது. இலவசச் சேனல் என்பதால் பல எம்பெக்-4 பெட்டிகள் பென் டிரைவில் பூட்டாமல் பதிவு செய்கின்றன. அதை லேப்டாப்பிலும் போடலாம். பழைய எம்பெக்-2 பெட்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் எம்பெக்-4 சேனல்கள் வராது. சன், விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டணச் சேனல்களுக்கு இது வழியில்லை. 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டி.டி. தமிழ் உண்டு. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியா ஆடும் முக்கியமான ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும். 2017-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும் என்று நிறுத்திவிட்டது. தனியார் டி.டி.ஹெச்.சில் அந்த நேரத்தில் டி.டி. ஸ்போர்ட்ஸில் வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்; ஃப்ரீ டிஷ்ஷில் மேட்ச் வரும், பதிவும் ஆகும். புது டி.வி. வாங்கப் போகிறவர்கள் உள்ளேயே சாட்டிலைட் ட்யூனர் இருக்கிறதா என்று பாருங்கள். 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கென ஐ.எஸ். 18112 என்ற தரநிலையை வெளியிட்டது. இருந்தால் ஃப்ரீ டிஷ்ஷுக்குத் தனிப் பெட்டியே வேண்டாம்.

இத்தனையும் எதற்கு, செயலியில் பார்த்தால் போயிற்று என்று வீட்டு இளவட்டம் சொல்லும். நியாயம்தான். சன் நெக்ஸ்ட், ஜியோ ஹாட்ஸ்டார், ஜீ 5 மூன்றிலும் சீரியல்கள் கிடைக்கின்றன. நல்ல பிராட்பேண்ட் இருக்கும் வீட்டில் ரெக்கார்டிங்குக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கும், மூன்று சந்தாவைத் தனித்தனியாகக் கட்ட மனமில்லாதவருக்கும் பென் டிரைவ் பெட்டிதான் சரி. ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கினால் இரண்டும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பல ஆண்ட்ராய்டு பெட்டிகளில் பதிவு வசதியே கிடையாது.

பெட்டியின் அடியில் பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். டி.வி.யோடு ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்தால்தான் 1080 கோட்டுப் படம், ஹெச்.டி. பேக்குக்குப் பணம் கட்டிவிட்டு மஞ்சள்–சிவப்பு–வெள்ளை ஒயரில் வருஷக்கணக்காக எஸ்.டி. பார்ப்பவர்கள் ஒவ்வொரு பில்டிங்கிலும் இருக்கிறார்கள். பதிவுக்கு நேரம் குறித்துவிட்டு சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். பெட்டி ஸ்டாண்ட்பையில் விழித்திருக்க வேண்டும். வியாழக்கிழமை பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்ட்டை நிறுத்துவது வழக்கம் என்பதால் வாரப் பதிவுகளைப் புதன் ராத்திரியே பார்க்கத் தொடங்குவது உத்தமம்.

பெருமழையில் சிக்னல் அறுந்தால் பதிவிலும் அந்த இடம் அறுந்துதான் இருக்கும். அதற்கு எந்தப் பெட்டியிலும் மருந்தில்லை. டிஷ்ஷை இறுக்கமாகவும் துல்லியமாகவும் பொருத்தினால் சின்ன மழையைச் சமாளிக்கலாம். டெக்னீஷியன் பெட்டியின் மெனுவில் சிக்னல் தரம் எத்தனை சதவீதம் என்று காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். இங்கே ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். பிறகு வழுக்கும் மாடியில் ஏற ஆள் கிடைக்காது, மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.