43 சதவீதத்துக்குள் யார் யார்?

இந்தியாவில் உயர்கல்வி ஆசிரியர்களில் பெண்கள் 43.4 சதவீதம். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை தரும் கணக்கு இது. 2014-15இல் 100 ஆண் ஆசிரியர்களுக்கு 63 பெண்கள் இருந்தார்கள். ஏழே ஆண்டுகளில் அது 77 ஆகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் ஆண்டு நிலவரப்படி பெண்களின் பங்கு சுமார் 42 சதவீதம். அப்படியானால் நாமும் ஐரோப்பாவும் சமம்தானா?

யார் யாரை ஆசிரியர் என்று எண்ணினார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். நம் அறிக்கையில் பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் ஆகியோரோடு டியூட்டர், தற்காலிக ஆசிரியர், வருகைதரு ஆசிரியர் வரை எல்லோரும் உண்டு. டியூட்டர் நிலையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். பேராசிரியர் நிலைக்குப் போனால் ஆண்களில் பாதியளவுகூடப் பெண்கள் இல்லை. நாட்டின் கல்லூரிகளில் நான்கில் மூன்றுக்கும் மேல் தனியார் கையில் இருப்பவை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் நிரந்தரப் பணியில் இருப்பவரும், சுயநிதிக் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுபவரும் இந்தக் கணக்கில் தலைக்கு ஒன்றுதான்.

மேலே போகப்போகப் பெண்கள் குறைவது ஐரோப்பாவிலும் உண்டு. அதே 2018இல் முழுப் பேராசிரியர்களில் பெண்கள் 26 சதவீதம்தான். முனைவர் பட்டம் பெற்றவர்களிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். இன்றைய பேராசிரியர்கள் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வேலையில் சேர்ந்தவர்கள், ஆகவே காலம் போனால் சரியாகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. மீதியை ஜெர்மனியில் பார்க்கலாம். அங்கே ஆய்வாளர்களைத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்க, முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று சட்டமே பொது வரம்பு வைத்திருக்கிறது. நிரந்தரப் பேராசிரியர் பதவி பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டித்தான் கிடைக்கும். பிள்ளை பெற்று வளர்க்கும் வயதும் அதேதான். குழந்தை இருந்தால் வரம்பை நீட்டித் தருகிறார்கள். ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையை எந்தச் சட்டமும் எடுத்துவிடுவதில்லை.

பணக்கார நாடுகளில் மிகவும் பின்தங்கி நிற்பது ஜப்பான். அங்கே பல்கலைக்கழக ஆசிரியர்களில் பெண்கள் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறார்கள். இரண்டாண்டுப் படிப்பு தரும் குறுங்கல்லூரிகளில் மட்டும் பாதிக்குப் பாதி. பெண்கள் பிள்ளை பெற்றதும் வேலையை விட்டுவிடுவார்கள் என்று சொல்லி, டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் மாணவிகளின் மதிப்பெண்ணைக் குறைத்து வந்தது 2018இல் அம்பலமானது. வாசலிலேயே தடுத்துவிட்டால் வகுப்பெடுக்க ஆள் எங்கிருந்து வருவார்?

எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே மகிழ்ந்துவிடவும் முடியாது. லாத்வியா, லிதுவேனியா ஆகிய நாடுகளில் கற்பிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெண்கள் படிப்பதும் வேலைக்குப் போவதும் சோவியத் காலத்திலேயே அங்கே வழக்கமாகிவிட்டது உண்மைதான். ஆனால் அந்த ஆட்சி சரிந்தபின் பல்கலைக்கழகச் சம்பளம் தேய்ந்தது, ஆண்கள் காசு கிடைக்கிற வேலைகளுக்கு நகர்ந்தார்கள் என்ற விளக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பெண் ஆசிரியர்களின் பங்கை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலில் சம்பளத்துக்கும் ஒரு பத்தி இருந்தால் சில நாடுகளின் பெருமை சற்றுக் குறையும் என்பது என் எண்ணம்.

நாட்டுச் சராசரியும் நிறைய மறைக்கும். நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்திலும் பஞ்சாபிலும் ஆண்களைவிடப் பெண் ஆசிரியர்கள் அதிகம். பீகாரில் ஆண்களுக்கு அருகில்கூட வரவில்லை.

எண்ணிக்கையை மாற்ற நேரடியாக இறங்கிய நிறுவனங்களில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஒன்று. 2019 ஜூலையிலிருந்து அங்கே நிரந்தர ஆசிரியர் பணியிடங்களுக்கு முதல் ஆறு மாதம் பெண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டு மனித உரிமைகள் நிறுவனம், எல்லாத் துறைக்கும் ஒரே விதி என்பது அளவுக்கு மீறியது என்று சொல்லிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் திட்டத்தைக் கைவிடவில்லை. பெண்கள் குறைவாக உள்ள இடங்களைப் பார்த்து, ஒரு பகுதிப் பணியிடங்களுக்கு மட்டும் என்று சுருக்கி, 2021இல் மறுபடியும் தொடங்கியது.