பன்னிரண்டு சுற்றுகளுக்குள் அடங்காதவர்கள்: ஐரோப்பாவை வலம்வந்த ப்ளூஸ் குழு

1962ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பெயர்பெற்ற பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களும் ஒரே குழுவாகத் திரண்டு, மேற்கு ஐரோப்பாவின் கச்சேரி அரங்குகளில் ஊர் ஊராக வாசிக்கத் தொடங்கினர். 'அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல்' எனப்பட்ட இந்நிகழ்ச்சி, ஜெர்மானிய ஜாஸ் விமர்சகர் யோவாகிம் எர்ன்ஸ்ட் பேரென்ட்டின் எண்ணத்தில் உருவாகி, ஹோர்ஸ்ட் லிப்மான், ஃபிரிட்ஸ் ராவ் என்னும் அமைப்பாளர்களின் உழைப்பால் 1972 வரை பெரும்பாலும் ஆண்டுதோறும் நடந்தது. தாய்நாட்டில் மதுக்கூடங்களிலும் நடன விடுதிகளிலும் வாசித்துப் பிழைத்த கலைஞர்கள் பலருக்கு, அமைதியாக அமர்ந்து கேட்கும் சபை வாய்த்தது இப்பயணத்தில்தான்.

குழு இயங்கிய விதத்தை அறிய, ப்ளூஸின் கட்டமைப்பைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. முதலடியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாம் அடியில் பொருளை முடிப்பது இதன் பரவலான பாட்டு வடிவம். நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு சுற்றுகள் சேர்ந்தது ஒரு சரணம். அதற்குள், பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் 'கார்ட்' என்னும் சுரக்கூட்டு குறித்த இடங்களில் மாறும். இந்த ஒழுங்கு எல்லாருக்கும் தெரிந்திருப்பதால், முன்பின் சேர்ந்து வாசிக்காதவர்கள்கூட ஒத்திகையின்றி ஒரு பாட்டைத் தொடங்கி முடித்துவிட முடியும். பியானோ, பாஸ், டிரம்ஸ் கொண்ட ஒரே பக்கவாத்தியக் குழு அடுத்தடுத்து வரும் பாடகர் பலருக்கு வாசிப்பதும், ஒவ்வொருவரும் சில பாடல்களே பாடி இடம்விடுவதும், இறுதியில் அனைவரும் மேடையேறுவதும் சாத்தியமானது இதனால்தான்.

ஆனால் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தி வயல்களின் நடுவே, ஒற்றைக் கிடாரோடு தனித்துப் பாடி வளர்ந்தவர்கள் இந்தக் கணக்குக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. முதல் ஆண்டுப் பயணத்தில் வந்த ஜான் லீ ஹூக்கர், சொல் முடியும் இடத்தில் சுற்றை முடிப்பார்; மூச்சு நீண்டால் சுற்றும் நீளும்; சில பாடல்களில் சுரக்கூட்டு மாறவே மாறாது. அவர் எங்கே திரும்புவார் என்பதை முகத்தையும் கால்தட்டலையும் பார்த்தே ஊகித்து, எண்ணிக்கையைக் கைவிட்டுப் பின்தொடர வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பைத் தொடக்க ஆண்டுகளில் தாங்கியவர் பாஸ் கலைஞர் வில்லி டிக்ஸன். சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடல்கள் எழுதிக்கொடுத்த இவர், லிப்மானுக்கும் ராவுக்கும் கலைஞர்களைத் திரட்டித் தந்ததோடு, மேடையில் அவர்களுக்கு அடித்தளமாகவும் நின்றார். இக்குழுவின் உண்மையான சாதனை என்று, புகழ்பெற்ற பெயர்களை ஒரே சுவரொட்டியில் சேர்த்ததைவிட, ஒவ்வொருவரின் காலக்கணக்கையும் திருத்தாமல் ஏற்றுக்கொண்ட இந்தப் பக்கவாத்தியப் பண்பையே குறிப்பிட வேண்டும்.

பாடன்-பாடனிலிருந்த ஜெர்மானியத் தொலைக்காட்சி நிலையம் பதிவு செய்த படங்கள் நல்வாய்ப்பாக எஞ்சியிருக்கின்றன. 1963இல் வந்த சன்னி பாய் வில்லியம்சன், கையளவு ஹார்மோனிகாவை வாய்க்குள் நுழைத்துக்கொண்டு, கைகளை எடுத்துவிட்டு, நாக்காலும் மூச்சாலும் மட்டுமே வாசிப்பதை அவற்றில் காணலாம். 1967ஆம் ஆண்டுக் குழுவில் சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ், புக்கா வைட் ஆகிய மூவரும் இடம்பெற்றனர். 1930களில் இசைத்தட்டுகள் பதிவு செய்தபின் மறக்கப்பட்டு, 1963-64இல் இளம் ஆர்வலர்களால் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட முதியவர்கள் இவர்கள்.

அமைப்பாளர்களின் பார்வையிலும் குறை இருந்தது. தென்மாநில வீட்டுத் திண்ணைகளைப் போல அமைத்த தொலைக்காட்சி அரங்குகள், நகர வாழ்க்கையில் ஊறிய கலைஞர்களையும் கிராமியப் படச்சட்டத்துக்குள் அடைத்தன. 1958இல் மின்கிடாரின் உரத்த ஒலிக்காகப் பிரிட்டனில் சிலரின் கண்டனத்துக்கு ஆளான மடி வாட்டர்ஸ், 1963இல் சாதாரண கிடாரோடு வந்தபோது, அங்கிருந்த இளைஞர்களோ மின்கிடாரையே எதிர்பார்த்திருந்தனர்.

அந்த இளைஞர்களில் சிலர் பின்னாளில் உலகப் புகழ் பெற்றனர். 1962இல் மான்செஸ்டர் நகரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்த கச்சேரியைக் கேட்கப் போனவர்களில் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பிரையன் ஜோன்ஸ், ஜிம்மி பேஜ் ஆகியோரும் இருந்தனர். மேடையேறியவர்களின் வாழ்க்கையோ பலவாறு திரும்பியது. மெம்ஃபிஸ் ஸ்லிம் பாரிசிலும், எடி பாய்ட் காலப்போக்கில் ஹெல்சிங்கியிலும் குடியேறி, நிறவெறியின் அன்றாட அவமதிப்பிலிருந்து விலகி வாழ்ந்தனர். 1964ஆம் ஆண்டுப் பயணத்தின் நடுவே நோயுற்று ஊர் திரும்பிய ஜான் ஹென்றி பார்பி, ஒரு கார் விபத்தை அடுத்துக் காவலில் வைக்கப்பட்டு, அந்த ஆண்டிலேயே இறந்துபோனார்.

டிக்ஸனின் 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாடலை ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பாடி 1964இல் பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஆயினும் தம் பாடல்களுக்குரிய உரிமைத்தொகைக்காக அவர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1985இல் லெட் ஸெப்பெலின் குழுமீது தொடுத்த வழக்கு, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சமரசத்தில் முடிந்தது. மூத்த கலைஞர்கள் தங்களுக்குச் சேரவேண்டிய பணத்தைப் பெற உதவுவதற்காக அவர் தொடங்கிய 'ப்ளூஸ் ஹெவன்' அறக்கட்டளை, அவர் மறைந்தபின், சிகாகோவில் செஸ் நிறுவனம் முன்பு இயங்கிய அதே கட்டடத்தை 1990களில் தன் இருப்பிடமாக்கிக்கொண்டது.